தனியா கேட்டா எல்லாம் தெரியுது, கூட்டாளிங்க வந்தா ஏன் மறந்துபோகுது? 12, 13 வயசு மூளையப் பத்தி கொஞ்சம் விரிவா

நீங்க கேட்டது இதுதான். பையன் ஏழாவது படிக்கிறான், போன வருஷம் வரைக்கும் ஸ்கூல்ல நடந்தத ஒண்ணு விடாம வந்து சொல்லிட்டு இருந்தவன், இப்ப என்னடான்னு கேட்டா "ஒண்ணுமில்ல"ன்னு ரூமுக்குள்ள போயிடறான், சின்ன விஷயத்துக்கெல்லாம் கத்துறான், அஞ்சு நிமிஷம் கழிச்சு பாத்தா அழுதுட்டு இருக்கான். இதுக்கு நடுவுல ட்யூஷன கட் அடிச்சிட்டு மூணு பசங்களோட ஏரிக்கு குளிக்கப் போயிருக்கான், நீச்சலும் தெரியாது. வீட்டுல உக்காரவச்சு கேட்டா "ஆழமா இருக்கும், சேறு இருக்கும், போகக்கூடாதுன்னு தெரியும்மா"ன்னு அவனே சொல்றான். வளர்ப்பு தப்பா, போன் தப்பா, சேர்க்கை தப்பான்னு கேட்டிருக்கீங்க.

ஆபத்த அவனே எடுத்துச் சொல்றான்னு சொன்னீங்களே, பதில் அதுலயே இருக்கு. தெரியாம அவன் போகல, அதனால இன்னும் பத்து தடவ உக்காரவச்சு எடுத்துச் சொன்னாலும் பெருசா ஒண்ணும் மாறாது. இந்த வயசுல கூட்டாளிங்க பக்கத்துல இருக்கறாங்கங்கிறதே மூளை போடுற கணக்க மாத்திடுது, அவங்க நல்ல பசங்களா கெட்ட பசங்களாங்கிற கேள்வியே அதுக்கு அப்புறம் தான் வருது. நம்ம ஊர்ல எது நடந்தாலும் சேர்க்கை சரியில்லன்னு முடிச்சிடுவோம், ஆனா அந்த மூணு பசங்களோட அம்மாக்களும் இப்ப உங்கள மாதிரியே தான் தூக்கம் வராம யோசிச்சிட்டு இருப்பாங்க.

இத நான் சும்மா ஆறுதலுக்கு சொல்லல. அமெரிக்கால ஃபிலடெல்ஃபியா டெம்பிள் யுனிவர்சிட்டில லாரன்ஸ் ஸ்டைன்பர்க்னு ஒரு பேராசிரியர், பதின்ம வயசுப் பசங்கள பல வருஷமா ஆராய்ச்சி பண்றவர், அவரும் மார்கோ கார்ட்னரும் 2005ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. மொத்தம் 306 பேர், 13 டு 16 வயசு ஒரு க்ரூப், 18 டு 22 ஒரு க்ரூப், 24க்கு மேல ஒரு க்ரூப். கம்ப்யூட்டர்ல ஒரு கார் கேம், வண்டி போயிட்டே இருக்கும், மஞ்ச லைட் விழும், இன்னும் கொஞ்ச தூரம் போனா பாயின்ட் கூடும், ஆனா எந்த நேரமும் மோதலாம், மோதினா போச்சு. பாதிப்பேர் தனியா ஆடினாங்க, மீதிப்பேர் அதே வயசுக்காரங்க ரெண்டு பேர் கூட இருக்கும்போது ஆடினாங்க. தனியா ஆடினப்ப மூணு க்ரூப்புக்கும் நடுவுல பெரிய வித்தியாசம் இல்ல. கூட ஆள் இருந்தப்ப சின்னப் பசங்க எடுத்த ரிஸ்க் ரெண்டு மடங்குக்கு மேல போயிடுச்சு, காலேஜ் வயசுக்காரங்களுக்கு ஒரு பாதி கூடுச்சு, பெரியவங்களுக்கு ஒண்ணுமே மாறல. உங்க வீட்டுல உக்காந்து பதில் சொன்ன பையன், ஏரிக்கரைல நின்ன பையன், ரெண்டும் ஒரே பையன் தான், கூட யார் இருந்தாங்கங்கிறது மட்டும் தான் வேற.

அப்புறம் 2011ல ஜேசன் சைன்னு இன்னொரு ஆராய்ச்சியாளர் ஸ்டைன்பர்க்கோட சேந்து இதே மாதிரி கேம ஸ்கேன் மெஷினுக்குள்ள படுக்கவச்சு ஆட வச்சாரு. ஒவ்வொருத்தரும் அவங்கவங்க ஃபிரண்டுங்கள கூட்டிட்டு வரணும், அந்த ஃபிரண்டுங்க பக்கத்து ரூம்ல உக்காந்து ஸ்க்ரீன்ல பாக்குறாங்கன்னு ஆடுறவனுக்குத் தெரியும், அவ்ளோதான். "போடா போடா"ன்னு யாரும் உசுப்பேத்தல. அப்படியும் பசங்களுக்கு மட்டும், மூளைக்குள்ள ஆழத்துல வென்ட்ரல் ஸ்ட்ரயேட்டம்னு ஒரு பகுதி, ஒரு விஷயம் எவ்ளோ இன்பம் தரும்னு எடை போடுற இடம், அது தனியா ஆடினத விட அதிகமா வேலை செஞ்சுது. பெரியவங்களுக்கு அப்படி நடக்கல. அதாவது ஃபிரண்டு பாக்குறான்னா அதே ரிஸ்க் இன்னும் ருசியா தெரியுது. நாம என்னமோ கூட்டாளிங்க வற்புறுத்தி இவன இழுத்துட்டுப் போறாங்கன்னு நெனைக்கிறோம், நிறைய நேரம் யாரும் யாரையும் வற்புறுத்தறதே இல்ல, நாலு பேர் ஒண்ணா நிக்கிறாங்க, நாலு பேருக்குள்ளயும் ஒரே நேரத்துல இது நடக்குது.

அதே ஆராய்ச்சிக் குழு 2014ல எலிய வச்சும் பாத்தாங்க. வளரிளம் பருவத்துல இருக்கற எலிங்க, கூட அதே வயசு எலிங்க இருந்தா தனியா இருக்கறப்ப குடிக்கறத விட அதிகமா ஆல்கஹால் குடிச்சுதுங்க, வளந்த எலிங்களுக்கு அந்த வித்தியாசம் இல்ல. எலிக்கு போனும் இல்ல, செல்லம் குடுத்துக் கெடுத்த அம்மாவும் இல்ல. உங்கமேலயே நீங்க பழி போட்டுக்கிட்டு இருக்கீங்கன்னு தோணுச்சு, அதனால தான் இத எடுத்துச் சொல்றேன்.

சரி, ஏன் குறிப்பா இந்த வயசு? ஜே கீட்னு ஒரு டாக்டர், அமெரிக்க தேசிய மனநல நிறுவனத்துல இருந்தவர், 145 பசங்களோட மூளைய எம்ஆர்ஐ எடுத்து, நிறைய பேருக்கு வருஷங்கள் கழிச்சு திரும்பவும் எடுத்து 1999ல வெளியிட்டார். மூளையோட முன்பக்கத்துல இருக்கற சாம்பல் நிறப் பகுதி பொண்ணுங்களுக்கு 11 வயசு வாக்குல, பசங்களுக்கு 12 வயசு வாக்குல உச்சத்துக்கு வந்துட்டு அதுக்கப்புறம் மெல்லிசாக ஆரம்பிக்குது. குறையறதுன்னா கெட்டுப் போறதுன்னு அர்த்தம் இல்ல. முருங்கைய கழிச்சு விட்டா தான நல்லா தழைச்சு வரும், அது மாதிரி உபயோகமில்லாத இணைப்பெல்லாம் உதிர்ந்து, உபயோகத்துல இருக்கற நரம்புக்கு மேல கொழுப்பு உறை ஏறி செய்தி வேகமா போக ஆரம்பிக்குது. இந்த வேலை எல்லா இடத்துலயும் ஒரே நேரத்துல நடக்கறதில்ல. பாக்குறது, தொடுறது, கைகால் அசைக்கறது, இதுக்கான பகுதிங்க முதல்ல முடிஞ்சிடுது, கடைசியா முடியறது நெத்திக்குப் பின்னாடி இருக்கற ப்ரீஃபிரன்டல் கார்டெக்ஸ், நிதானிக்கறது, முன்னப்பின்ன யோசிக்கறது எல்லாம் அங்க தான். ஆனா ஆசை, பயம், கோவம் சம்பந்தப்பட்ட உள் பகுதிங்க பூப்பு ஹார்மோன் ஏற ஆரம்பிச்ச உடனே சூடு பிடிச்சிடுது. ஒண்ணு 11, 12 வயசுலயே வேகம் எடுக்க ஆரம்பிச்சிடுது, இன்னொண்ணு இருபது தாண்டி தான் நிலைக்கு வருது. நடுவுல இருக்கற அந்த இடைவெளில தான் உங்க பையன் இப்ப நிக்கிறான்.

இந்த எடத்துல ஒரு தப்பான அர்த்தம் வந்துடக்கூடாது, இந்த வயசுப் பசங்களுக்கு யோசிக்கவே வராதுன்னு இல்ல. ஸ்டைன்பர்க் குழு இந்தியா, சீனா, கென்யா, ஜோர்டான், ஸ்வீடன் எல்லாம் சேத்து 11 நாட்டுல, 10 வயசுலருந்து 30 வயசு வரைக்கும் 5,000 பேருக்கு மேல சோதிச்சுப் பாத்தாங்க. பதட்டமில்லாம உக்காந்து யோசிக்கற திறமை 16 வயசு வாக்குலயே பெரியவங்க அளவுக்கு வந்துடுது. ஆனா உணர்ச்சி கிளம்பி நிக்கறப்ப தன்னைக் கட்டுப்படுத்திக்கறது 18 தாண்டியும் வளந்துட்டே தான் இருக்கு. நம்ம ஊர்ப் பசங்களும் இதுல இருக்காங்க, அதனால இது வெள்ளக்காரங்க வீட்டுக் கதை, நம்ம வளர்ப்புல இதெல்லாம் வராதுன்னு தள்ளிட முடியாது. ஊருக்கு ஊர் அளவு மாறும், ஆனா போற திசை ஒண்ணுதான்.

இப்ப அந்த கத்தல், அழுகை. இதுல எனக்கு ரொம்ப உதவியா இருந்தது 2018ல வந்த ஒரு ஆய்வு, எரிக் நூக்குங்கறவர் பண்ணது, 5 வயசுலருந்து 25 வயசு வரைக்கும் உள்ளவங்கள வச்சு. சின்னக் குழந்தைங்க ஒரு நேரத்துல ஒரு உணர்ச்சி தான் இருக்குன்னு சொல்றாங்க, கோவம்னா கோவம், சோகம்னா சோகம். பெரியவங்க நாலு உணர்ச்சி ஒண்ணா வந்தாலும் இது வேற அது வேறன்னு பிரிச்சுப் பாக்குறாங்க. நடுவுல இருக்கற இந்த வயசுக்காரங்களுக்கு தான் கஷ்டம், நாலும் ஒண்ணா வருது, பிரிக்கத் தெரியல. ஸ்கூல்ல எவனோ கிண்டல் பண்ணியிருப்பான், அதுல வெக்கம், அவன் மேல கோவம், நாளைக்கு என்ன ஆகுமோன்னு பயம், இத அம்மாகிட்ட சொன்னா சின்னப்புள்ளன்னு நெனைப்பாங்களோன்னு இன்னொரு வெக்கம், எல்லாம் சேந்து கடைசில "சாம்பார்ல ஏன் கத்திரிக்காய் போட்ட"ன்னு வெளிய வருது. நீங்க கத்திரிக்காய்க்கு பதில் சொல்லிட்டு இருக்கீங்க, அவன் வேற எங்கயோ இருக்கான். "ஒண்ணுமில்ல"ன்னு சொல்றானே, அதுவும் பாதி நேரம் மறைக்கறதுக்காக இல்ல, என்னன்னு அவனுக்கே சொல்லத் தெரியல.

தூக்கத்தையும் இதோட சேத்துப் பாக்கணும், ஏன்னா பாதி சண்டைக்கு அது தான் காரணம்னு நான் நெனைக்கிறேன். பூப்பு வயசுல மெலட்டோனின் சுரக்கற நேரமே பின்னாடி தள்ளிப் போகுது, ரெண்டு மணி நேரம் வரைக்கும் கூட தள்ளலாம், அதனால ஒன்பது மணிக்கெல்லாம் படுடான்னா அவனுக்கு நெஜமாவே தூக்கம் வராது. ஆனா காலைல ஆறு மணி ட்யூஷன் அப்படியே தான் இருக்கு. அமெரிக்க குழந்தை டாக்டர்கள் சங்கம் 2014ல இந்த வயசுப் பசங்களுக்கு ஸ்கூல் எட்டரைக்கு முன்னாடி ஆரம்பிக்காதீங்கன்னே சொல்லிச்சு, கலிஃபோர்னியால ஹை ஸ்கூலுக்கு அத சட்டமாவே கொண்டுவந்தாங்க, மிடில் ஸ்கூலுக்கு எட்டு மணி. நம்மகிட்ட அது இல்ல, அட்லீஸ்ட் காலை ட்யூஷன மாலைக்கு மாத்த முடியுமான்னு பாருங்க. தூக்கம் கெட்ட மூளைல முதல்ல தடுமாறுறது நிதானம் தான்.

அடுத்தது, எல்லாரும் தன்னையே பாக்குறாங்கங்கிற நெனப்பு. 2013ல லியா சாமர்வில் குழு ரொம்ப எளிமையா ஒண்ணு பண்ணாங்க. 8லருந்து 23 வயசு வரைக்கும் உள்ளவங்கள ஸ்கேன்ல படுக்கவச்சு, இப்ப கேமரா ஆன் ஆகுது, உன் வயசுக்காரங்க ஒருத்தங்க உன்னப் பாத்துட்டு இருக்காங்கன்னு சொன்னாங்க. வேற எதுவும் இல்ல, சும்மா பாக்கறது மட்டும் தான். கூச்சம் சின்னக் குழந்தைங்களுக்கு கம்மி, பதின்ம வயசு வர வர ஏறுது, உடம்பு வேர்க்கறத அளந்தாலும் இந்த வயசுல தான் உச்சம். லண்டன்ல சாரா ஜேன் பிளேக்மோர் குழு 2010ல இன்னொண்ணு பாத்தாங்க, கம்ப்யூட்டர்ல மூணு பேர் பந்து தூக்கிப் போட்டு வெளையாடுற மாதிரி ஒரு கேம், கொஞ்ச நேரத்துல மத்த ரெண்டு பேரும் இவங்களுக்குப் பந்தே போடாம தங்களுக்குள்ளயே வெளையாடுவாங்க. யாருன்னே தெரியாத ஆளு, அற்பமான ஒரு கேம், அதுக்கே பெரிய பொண்ணுங்கள விட பதின்ம வயசுப் பொண்ணுங்களோட மனசு ரொம்ப கீழ போச்சு. யாருன்னே தெரியாதவங்க ஒதுக்கினதுக்கே இப்படின்னா, தினம் பக்கத்துல உக்கார்ற கூட்டாளிங்க ஏரிக்குப் போறப்ப நான் வரலன்னு தனியா நிக்கறது அவனுக்கு எவ்ளோ பெரிய விஷயம்னு யோசிச்சுப் பாருங்க. முழுகிப் போயிடுவோமோங்கிறது எப்பவோ நடக்கக்கூடியது, ஒதுக்கிடுவாங்களோங்கிறது இந்த நிமிஷமே நடக்கப் போறது.

அதனால கெஞ்சிக் கேக்குறேன், அவன் கூட்டாளிங்க முன்னாடி அவன திட்டாதீங்க, சொந்தக்காரங்க முன்னாடியும் வேணாம். "இவன் ராத்திரி எப்படி அழுதான் தெரியுமா"ன்னு சித்தி கிட்ட சொல்லிச் சிரிக்கறது நமக்கு ஒண்ணுமே இல்லாத விஷயம், அவன் அத வருஷக்கணக்கா மனசுல வச்சிருப்பான். நான் பேசின எத்தனையோ பசங்க, அடி வாங்கினத விட இதத்தான் ஞாபகமா சொல்லுவாங்க.

உங்க குரல் அவனுக்கு எட்டலன்னு நீங்க வருத்தப்பட்டீங்க. ஸ்டான்ஃபோர்டுல டேனியல் ஏப்ரம்ஸ், வினோத் மேனன் ரெண்டு பேரும் இதையே ஆராய்ச்சி பண்ணாங்க. அம்மாக்கள அர்த்தமே இல்லாத வார்த்தைய சொல்லச் சொல்லி பதிவு பண்ணி, பசங்களுக்குப் போட்டுக் காட்டினாங்க, தெரியாத பொம்பளைங்க குரலையும் போட்டாங்க. 12 வயசுக்குக் கீழ இருக்கறவங்களுக்கு அம்மா குரல் கேட்டா தான் மூளைல சந்தோஷப் பகுதி அதிகமா வேலை செய்யுது. 2022ல வெளியான அடுத்த ஆய்வுல 13 வயசு ஒட்டி அது திரும்பிடுது, தெரியாத குரலுக்குத் தான் அந்தப் பகுதி கூடுதலா கவனிக்குது. இது எது அம்மா குரல்னு தெரியாமப் போனதால இல்ல, கிட்டத்தட்ட எல்லாத்தையும் சரியா கண்டுபிடிச்சாங்க. வீட்டுக்கு வெளிய இருக்கற மனுஷங்களப் பழகிக்கற வயசு வந்துடுச்சு, மூளை அதுக்கு தயாராகுது, அவ்ளோதான். இதப் படிச்சப்ப கஷ்டமா தான் இருந்துச்சு, ஆனா இதோட சேத்து இன்னொண்ணையும் சொல்லணும். ஈவா டெல்சர்னு ஒரு ஆராய்ச்சியாளர், 2015ல அதே மாதிரி ஒரு கார் கேம அம்மா பாத்துட்டு இருக்கறப்ப ஆட வச்சாங்க, 14 வயசு ஒட்டின பசங்க, ரிஸ்க் குறைஞ்சுது, ரிஸ்க் எடுக்கறதுல இருக்கற ருசியும் மூளைல குறைஞ்சுது. ஆகவே உங்க பேச்சு எட்டலன்னாலும் நீங்க பக்கத்துல இருக்கறது எட்டுது, அத விட்டுடாதீங்க.

யார் பேச்சு எட்டுதுங்கறதுக்கும் ஒரு நல்ல ஆய்வு இருக்கு. லண்டன் சயின்ஸ் மியூசியத்துக்கு வந்த 563 பேர்கிட்ட, 8 வயசுலருந்து 59 வரைக்கும், சிக்னல் பாக்காம ரோடு தாண்டறது மாதிரி விஷயங்கள் எவ்ளோ ஆபத்துன்னு கேட்டாங்க. அப்புறம் பெரியவங்க இப்படி சொன்னாங்க, டீனேஜ் பசங்க இப்படி சொன்னாங்கன்னு காட்டிட்டு திரும்பக் கேட்டாங்க. மத்த வயசுக்காரங்கள்ல பெரும்பாலானவங்க பெரியவங்க சொன்ன பக்கம் தான் அதிகமா சாய்ஞ்சாங்க. 12லருந்து 14 வயசுக்காரங்க மட்டும் டீனேஜ் பசங்க சொன்ன பக்கம் அதிகமா சாய்ஞ்சாங்க. ஆபத்து கம்மின்னு பசங்க சொன்னா அதையும் கேட்டாங்க, அதிகம்னு சொன்னா அதையும் கேட்டாங்க, இத நல்லா கவனிங்க. கூட்டாளிங்களோட பாதிப்பு ரெண்டு பக்கமும் இழுக்கும். நியூ ஜெர்சில 56 மிடில் ஸ்கூல்ல 2012-13ல எலிசபெத் பாலக் குழு பண்ணது இதுக்கு நல்ல உதாரணம், சண்டைய குறைக்கணும், டீச்சர வச்சு உபதேசம் பண்ணாம பாதி ஸ்கூல்ல மட்டும் சில பசங்கள சேத்து அவங்களையே பேச விட்டாங்க, ஒரு வருஷத்துல மத்த ஸ்கூலோட ஒப்பிட்டா அங்க பசங்க சண்டை சம்பந்தமான ஒழுங்கு நடவடிக்கை கிட்டத்தட்ட 30 சதவீதம் குறைஞ்சுது. மத்த பசங்க அதிகமா கவனிக்கற பசங்க அந்தக் குழுல எவ்ளோ இருந்தாங்களோ அவ்ளோ பலன். அந்தப் பசங்க டாப் ரேங்க் பசங்களா இருக்கணும்னு அவசியமும் இல்ல.

அதனால அந்த மூணு பசங்களயும் பிரிக்கப் பாக்காதீங்க, வீட்டுக்குக் கூப்பிடுங்க. ஞாயித்துக்கிழம மத்தியானம் பிரியாணி போடுங்க, மாடில வெளையாடட்டும், நீங்க சமையக்கட்டுல இருங்க, உள்ள போய் உக்காந்து விசாரிக்காதீங்க. பெரியவங்க ஒருத்தங்க அந்தப் பக்கமா நடமாடிட்டு இருந்தாலே போதும். மத்த அம்மாக்களோட நம்பர வாங்கி வச்சுக்கோங்க, நாலு வீட்டுலயும் ஒரே விதி இருந்தா எவனும் தனியா பயந்தாங்கொள்ளியா நிக்க வேண்டியதில்ல.

ரெண்டாவது, வீட்டுல தனியா அமைதியா இருக்கறப்பவே அந்த நேரத்துக்கு என்ன சொல்லித் தப்பிக்கறதுன்னு அவனோட சேந்து முடிவு பண்ணிடுங்க. அங்க போய் நின்னு யோசிக்க அவனால முடியாது, முன்னாடியே வாய்ல வரணும். "எங்கம்மா லொக்கேஷன் பாத்துட்டே இருக்கும்டா, தெரிஞ்சா கொன்னுடும்"னு உங்க மேல பழியப் போட்டுக்கட்டும், நீங்க வில்லியா இருந்துட்டுப் போங்க, அவன் மானம் போகாம வெளிய வரணும். எங்க இருந்து கூப்பிட்டாலும் அந்த நேரத்துல திட்டாம வந்து கூட்டிட்டு வருவேன்னு வாக்கு குடுங்க, குடுத்தா காப்பாத்துங்க, பேச வேண்டியத மறுநாள் பேசிக்கலாம். அப்புறம், தயவுசெஞ்சு நீச்சல் கிளாஸ்ல சேத்துடுங்க. மூளைய இந்த வருஷமே மாத்த முடியாது, நீச்சல இந்த லீவுலயே கத்துக்க முடியும்.

பேசறதுக்கு எதிர்ல உக்காரவச்சு கண்ணப் பாத்துப் பேசறது இந்த வயசுக்கு ஒத்து வராது, வண்டில பின்னாடி உக்காந்திருக்கறப்ப, துணி மடிக்கறப்ப, முகம் பாக்காம பேசினா நிறைய வரும். கத்துறப்ப புத்தி சொல்லாதீங்க, அடங்கட்டும், அப்புறம் "கோவமா, இல்ல அசிங்கமா போச்சேன்னு இருக்கா"ன்னு ரெண்டு உணர்ச்சியையும் பிரிச்சுக் குடுங்க, உணர்ச்சிக்குப் பேர் சொன்னா மூளைல பயம், கோவம் சம்பந்தப்பட்ட அமிக்டலாங்கற பகுதியோட வேகம் குறையறத மேத்யூ லீபர்மன் 2007லயே ஸ்கேன்ல காட்டியிருக்கார்.

போன் பத்தி நான் நீட்டப் போறதில்ல. லைக் அதிகமா விழுந்த போட்டோவப் பாக்குறப்ப டீனேஜ் பசங்களுக்கு அதே சந்தோஷப் பகுதி தான் வேலை செய்யுதுன்னு கலிஃபோர்னியால 2016ல பாத்தாங்க, லைக் எண்ணிக்கைய ஆராய்ச்சியாளர்களே இஷ்டத்துக்குப் போட்டது. போன் இந்த ஆசைய உண்டாக்கல, ராத்திரி பன்னெண்டு மணிக்கும் கூட்டாளிங்கள ரூமுக்குள்ள கொண்டு வந்து விட்டுடுது. பத்து மணிக்கு மேல ஹால்ல சார்ஜ்ல கெடக்கட்டும், உங்க போனும் சேத்து. கோவத்துல புடுங்கி ஒரு மாசம் பூட்டி வைக்கறது மட்டும் வேணாம், க்ளாஸ் க்ரூப்ல எல்லாரும் பேசறாங்க அவன் மட்டும் வெளியங்கிறது அந்தப் பந்து கேம் தான்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிடறேன், இந்த ஸ்கேன் ஆய்வுகள்ல பல ரொம்ப கம்மி பேர வச்சுப் பண்ணது, சராசரிய சொல்லும், உங்க பையனுக்கு ஜாதகம் மாதிரி சொல்லாது. 25 வயசுல மூளை டக்குனு முழுசாயிடும்னு சுத்துதே, அப்படி ஒரு தேதியும் கிடையாது. ஆனா கூட்டாளிங்கள எதுத்து நிக்கற தெம்பு 10லருந்து 14 வரைக்கும் பெருசா ஏறறதில்ல, 14லருந்து 18க்குள்ள தான் சீரா ஏறுதுன்னு 2007ல ஸ்டைன்பர்க்கும் கேத்ரின் மோனஹனும் காட்டினாங்க, ஸ்கேன் இல்லாம நிறைய பேர்கிட்ட கேட்டே பண்ண வேலை. உங்க பையனுக்கு 12. இன்னும் ஒரு ரெண்டு வருஷம் அவனோட நிதானத்த நம்பி விடாம சூழ்நிலைய நீங்க பாத்துக்கணும், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா கயித்த விடலாம்.

எல்லாத்தையும் வயசுக்கோளாறுன்னு விட்டுடவும் கூடாது. ரெண்டு வாரத்துக்கு மேல தொடர்ந்து சோர்ந்தே இருக்கறது, சாப்பாடு தூக்கம் ரெண்டும் கெடறது, ஸ்கூலுக்கே போகமாட்டேன்னு அடம், கூட்டாளிங்களையும் சேத்து எல்லாரையும் விட்டு ஒதுங்கறது, கையக் கீறிக்கறது, "நான் இல்லாம போனா நல்லா இருக்கும்"னு விளையாட்டா சொன்னாக் கூட, காத்திருக்காதீங்க, குழந்தைகள் மனநல டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. உடனே பேசணும்னா டெலிமானஸ் 14416, தமிழ்ல பேசலாம், காசு கிடையாது, ராத்திரியும் எடுப்பாங்க. வேற யாராவது பெரிய பசங்களோ ஆளுங்களோ அவன மிரட்டற மாதிரி தெரிஞ்சா 1098. ரெண்டு நம்பரையும் அவன் போன்லயும் போட்டுக் குடுங்க, அவனுக்கு இல்லன்னாலும் அவன் கூட்டாளி ஒருத்தனுக்கு தேவைப்படலாம், அந்த வயசுல முதல்ல சொல்றது கூட்டாளிகிட்ட தான்.